பின்னால் வருவோரும் நம்மவரே

ஊரை விட்டு வந்து பிழைக்கும் நம் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் முன்னெல்லாம் ஒரே பொருள்தான். மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை முன்னே விட்டு, சொந்த ஊருக்கு ரயில் ஏறுவதுதான் அது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து சோறு உண்ணும் நாம் அந்த வழக்கத்தைக் குறை கூறினால் அது நன்றி கொன்ற செயலாகும். ஆயினும் காலம் மாறி வருகிறது. ஹடப்சர் வட்டாரத்தில் வாழும் நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இன்று சொந்த மோட்டார் வண்டி இருக்கிறது. அவர்களுள் சிலர், வண்டியின் பின்னால் ஒரு சிறு டிரெய்லரை மாட்டி, அதில் படுக்கை, அடுப்பு, கூடாரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, ஏரிக்கரையிலோ மலையடிவாரத்திலோ இரண்டு இரவு தங்கி வரவும் தலைப்பட்டிருக்கிறார்கள். 2021-ஆம் ஆண்டில் மகாராஷ்டிர அரசும் கேரள அரசும் இத்தகைய வீட்டு வண்டிச் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கைகளை வெளியிட்டதை அன்பர்கள் அறிந்திருக்கலாம்.

இந்தப் புதிய பழக்கத்தின் சுகதுக்கங்களை எல்லாம் எழுதுவது நம் நோக்கமன்று. அதில் ஒரு சிறு பகுதியை மட்டும், அதாவது டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு வேண்டிய பக்கக் கண்ணாடிகள் இரண்டைப் பற்றி மட்டும், இங்கே எழுத விரும்புகிறோம். இரண்டு கண்ணாடிகளுக்கு இத்தனை பக்கமா என்று எவரும் நகைக்க வேண்டா. அந்த இரண்டு கண்ணாடிகள் இல்லாத குறையால் எங்கள் குடும்பம் பட்ட பாட்டைக் கேட்ட பின் நகைப்பு வராது.

நடந்தது என்ன?

எங்கள் மாமனார் இராணுவத்தில் மோட்டார் ஓட்டுநராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். லடாக்கின் பனிச் சாலையிலும் இராஜஸ்தானத்து மணலிலும் லாரி ஓட்டியவர். பணிக்காலம் முழுவதும் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை என்பது அவர் அடக்கமாகச் சொல்லிக்கொள்ளும் பெருமை. ஓய்வுக்குப் பிறகு, பேரப் பிள்ளைகளை வெளியூர் அழைத்துப் போவதற்கென்று ஒரு பட்டறையில் சொல்லி, தகரக் கூண்டு வைத்த முகாம் டிரெய்லர் ஒன்றைச் செய்வித்தார். டிரெய்லரும் சட்டத்தின் கண்ணில் ஒரு மோட்டார் வாகனமே. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அவ்வாறே பொருள் கூறுகிறது. ஆகவே பதிவு, விளக்கு, கொக்கி, எடை ஆகிய யாவற்றையும் அவர் முறைப்படி செய்து முடித்தார். கண்ணாடி ஒன்றுதான் விடுபட்டது. வண்டியோடு வந்த கண்ணாடியே போதும் என்று அவரும் எண்ணினார், நாங்களும் எண்ணினோம்.

ஒரு சனிக்கிழமைக் காலை. சோலாப்பூர் சாலை வழியே பிக்வண் சென்று, உஜனி அணையின் நீர்ப்பரப்பில் குளிர்காலத்தில் வந்திறங்கும் பூநாரைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதாகத் திட்டம். மாமனார் ஓட்டினார். நாம் இடப்பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தோம். காடிதள் தாண்டி, பதினைந்தாம் நம்பர் சந்திப்புக்கு முன்னால் தேநீர் அருந்தலாம் என்று வண்டியை ஓரங்கட்ட நினைத்தார். கண்ணாடியைப் பார்த்தார். அதில் தெரிந்ததெல்லாம் டிரெய்லரின் தகரச் சுவர்தான்.

"மாப்பிள்ளை, இடப்பக்கம் யாராவது வருகிறார்களா, கொஞ்சம் பாருங்கள்" என்றார்.

"யாரும் இல்லை, மாமா" என்றோம்.

அடுத்த கணம் ஓர் அலறல் கேட்டது. ஸ்கூட்டர் ஒன்றில் கணவன், மனைவி, முன்னால் நின்றபடி பள்ளிப் பையுடன் ஒரு சிறுமி. டிரெய்லரின் விளிம்பு அந்த ஸ்கூட்டரின் கைப்பிடியில் உரச, மூவரும் சாலையோர மண்ணில் விழுந்துவிட்டனர். தெய்வாதீனமாகப் பெருங்காயம் எதுவும் இல்லை. சிறுமியின் முழங்கால் சிராய்ந்து இரத்தம் கசிந்தது. தந்தையார் எழுந்து வந்தார். நாங்கள் வசவுக்குத் தயாராய் இருந்தோம். அவரோ மாமனாரின் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "காகா, ஆர்ஷாத் பகத் நாஹீ கா?" என்று மட்டும் கேட்டார். பெரியவரே, கண்ணாடியில் பார்ப்பதில்லையா என்பது அதன் பொருள். வசவு வந்திருந்தால் மாமனார் தாங்கிக்கொண்டிருப்பார். அந்த ஒரு கேள்வியை அவரால் தாங்க முடியவில்லை.

சிறுமிக்கு மருந்து போட்டு, வீட்டில் கொண்டு விட்டு, நாங்கள் ஹடப்சருக்கே திரும்பினோம். பூநாரைப் பயணம் அன்றோடு நின்றது. மாமனார் சாவியை ஆணியில் மாட்டியவர், இரண்டு வாரம் அதைத் தொடவில்லை. டிரெய்லரை விற்றுவிடச் சொன்னார்.

கண்ணாடி வந்த வரலாறு

பின்னால் வருவதை ஓட்டுநர் காண வேண்டும் என்ற எண்ணம் மோட்டார் வண்டியோடு பிறந்ததன்று. தொடக்கத்தில் அதைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. 1909-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் மோட்டார் பந்தய வீராங்கனையான டாரதி லெவிட் என்னும் அம்மையார், மோட்டார் ஓட்டும் பெண்களுக்கென ஒரு நூல் எழுதினார். கைக்கண்ணாடி ஒன்றை வண்டியில் வைத்துக்கொண்டால், அவ்வப்போது அதை உயர்த்திப் பிடித்துப் பின்னால் வருவதைக் காணலாம் என்று அதில் யோசனை கூறினார். முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சாலையில் வேலை கொடுத்தவர் ஒரு பெண்மணி என்பதை நம் தாய்மார்கள் மனத்தில் கொள்ளலாம்.

அதன் பின் 1911-இல், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த முதல் 500 மைல் பந்தயத்தில், ரே ஹாரூன் என்பவர் தம் வண்டியில் கண்ணாடி ஒன்றைப் பொருத்திக்கொண்டு ஓட்டி வெற்றி பெற்றார். பந்தய வண்டிகளில் ஓட்டுநரோடு மெக்கானிக் ஒருவரும் அமர்ந்து, பின்னால் யார் வருகிறார் என்று சொல்லிக்கொண்டிருப்பது அந்நாளைய வழக்கம். ஹாரூன் அந்த ஆளை ஏற்றாமல் கண்ணாடியை வைத்தார். மனிதன் சொல்லும் சொல்லுக்குப் பதிலாகக் கண்ணாடி வந்தது என்பதே இவ்வரலாற்றின் சாரம். இதை வாசித்தபோது எம் நெஞ்சு குறுகுறுத்தது. காரணத்தைப் பின்னர்ச் சொல்லுகிறோம்.

நம் நாட்டிலோ, 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்னால் வரும் வாகனங்களை ஓட்டுநர் தெளிவாகக் காணும்படி கண்ணாடி பொருத்தப்பட வேண்டும் என்று கூறுகின்றன. கண்ணாடி இருந்தால் மட்டும் போதாது. காட்சி தெளிவாய்த் தெரிய வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. சுவரைக் காட்டும் கண்ணாடி இருந்தும் இல்லாததே.

எத்தனை அகலம் வேண்டும்?

முதலில் அளவு நாடாவை எடுங்கள். கண்ணாடி வாங்குவது அதற்குப் பின்னர்தான். எங்கள் கணக்கையே எடுத்துக்காட்டாகத் தருகிறோம்.

எங்கள் வண்டியின் உடல் அகலம் 175 சென்டிமீட்டர். டிரெய்லரின் அகலம் 205. வித்தியாசம் 30 சென்டிமீட்டர். அதாவது பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் டிரெய்லர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வண்டியோடு வந்த கண்ணாடி, உடலிலிருந்து 17 சென்டிமீட்டர் வெளியே நீள்கிறது. கழித்துப் பார்த்தால் டிரெய்லரின் சுவரைத் தாண்டிக் கண்ணாடிக்கு மிஞ்சுவது 2 சென்டிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர்க் கண்ணாடியில் சோலாப்பூர் சாலை முழுவதையும் பார்க்க முயன்றிருக்கிறோம்!

கூடுதல் கண்ணாடி பொருத்திய பிறகு, அதன் வெளி விளிம்பு உடலிலிருந்து 33 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. டிரெய்லரைத் தாண்டி 18 சென்டிமீட்டர் கிடைக்கிறது. சுவர் ஓரமாகப் பார்வை பின்னோக்கி ஓட இது போதும்.

அப்படியானால் நீளம் கூடக்கூட நல்லதுதானே என்று தோன்றும். அது பிழை. பிரிட்டனில், டிரெய்லரின் அகலத்துக்கு வெளியே கண்ணாடி பக்கத்துக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். காரணம் எளிது. அதிகம் நீண்ட கண்ணாடி, சாலையோரம் நடப்பவர் தோளிலும், ஸ்கூட்டர் ஓட்டுபவர் முகத்திலும் மோதும். நம் ஊருக்கு அந்த எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும். ஆஷாட யாத்திரையின்போது ஞானேசுவரர் பல்லக்கும் துக்காராமர் பல்லக்கும் ஹடப்சர் வழியேதான் பண்டரிபுரம் செல்கின்றன. முன்னது திவே கணவாய் ஏறி சாஸ்வட் செல்லும். பின்னது லோணி காள்போர் பக்கம் செல்லும். அந்நாட்களில் சாலை முழுவதும் வார்க்கரி அடியார்களே. அப்போது டிரெய்லரை வெளியே எடுக்காதிருப்பதே முறை.

டிரெய்லரைக் கழற்றியவுடன் கூடுதல் கண்ணாடியையும் கழற்றிவிட வேண்டும். இழுக்க எதுவும் இல்லாதபோது அந்தக் கண்ணாடி பிறருக்கு இடைஞ்சலே அன்றி உமக்குப் பயனில்லை.

கண்ணாடி வகைகள்

கூடுதல் கண்ணாடிகளில் நாங்கள் கண்ட வகைகளைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

ஒன்று, வார் கட்டும் வகை. வண்டியின் கண்ணாடிக் கூட்டைச் சுற்றி ரப்பர் வாராலோ நாடாவாலோ இழுத்துக் கட்டுவது. விலை குறைவு, எந்த வண்டிக்கும் பொருந்தும். ஆனால் வார் நாளடைவில் தளரும். வாருக்கும் கூட்டுக்கும் இடையில் மண் புகுந்தால் வர்ணத்தைச் சுரண்டும்.

இரண்டு, திருகுப் பிடி வகை. மேலும் கீழும் ரப்பர் வைத்த தாடைகள் கண்ணாடிக் கூட்டைக் கவ்வ, திருகாணியால் முடுக்குவது. பிடிப்பு உறுதி. ஆனால் கூட்டின் வடிவம் மிகவும் வளைந்திருந்தால் தாடை வழுக்கும். அளவுக்கு மீறி முடுக்கினால் கூடு விரிசல் விடும்.

மூன்று, கதவில் ஊன்றும் வகை. கொக்கி ஒன்று கதவின் மேல் விளிம்பில் மாட்ட, கால் ஒன்று கதவுத் தகட்டில் ஊன்றி நிற்கும். அதிர்வு குறைவு. ஆனால் ஜன்னலை முழுதும் ஏற்ற முடியாது போகலாம், மழையில் தொல்லை.

நான்கு, வண்டியின் கண்ணாடியையே மாற்றி, வேண்டும்போது வெளியே இழுத்து நீட்டும் வகை. எல்லாவற்றிலும் சிறந்தது, விலையும் அதிகம். நம் நாட்டு வண்டிகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை.

புனே நானா பேட்டையின் உதிரிச் சாமான் கடைகளில் அலைந்து நாங்கள் முதலில் வாங்கியது வார் வகை. அதில் நேர்ந்த குறை யாதெனில், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் தாண்டியதும் கண்ணாடி நடுங்கத் தொடங்கியது. பின்னால் வந்த ஒரு மோட்டார் சைக்கிள் மூன்றாகத் தெரிந்தது. நடுங்கும் கண்ணாடி இல்லாத கண்ணாடியினும் கெட்டது. ஏனெனில் அது இருக்கிறது என்ற தைரியத்தை மட்டும் கொடுக்கும். பின்னர் திருகுப் பிடி வகையை வாங்கினோம். நடுக்கம் நின்றது.

ஆகையால் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இவை: கண்ணாடியைத் தாங்கும் கை குட்டையாகவும் பருமனாகவும் இருக்க வேண்டும். கண்ணாடியின் எடை குறைவாயிருக்க வேண்டும். உம் வண்டிக் கண்ணாடிக் கூட்டின் உயரத்தையும் தடிப்பையும் அளந்து குறித்துக்கொண்டு கடைக்குச் செல்ல வேண்டும். கடைக்காரர் இசைந்தால் வண்டியிலேயே மாட்டி, ஆட்டிப் பார்த்து வாங்குவது உத்தமம். இரண்டு பக்கத்துக்கும் வாங்க வேண்டும். ஒன்று மட்டும் வாங்கிச் சிக்கனம் பார்ப்பது ஒரு செருப்போடு நடப்பதற்கு ஒப்பாகும்.

மின்சாரத்தால் மடங்கும் கண்ணாடி உள்ள வண்டிக்காரர்க்கு ஓர் எச்சரிக்கை. கூடுதல் கண்ணாடி மாட்டியிருக்கும்போது மடக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். கூடுதல் எடையை அந்தச் சிறு மோட்டார் தாங்காது. வண்டியைப் பூட்டியதும் தானே மடங்கும் வகையானால், அந்த ஏற்பாட்டை முன்னதாகவே நிறுத்தி வைக்க வேண்டும்.

சமதளமா, புடைத்ததா?

கண்ணாடியின் முகம் இருவகை. சமதளக் கண்ணாடி உள்ளதை உள்ளபடி காட்டும். பின்னால் வரும் வண்டி எவ்வளவு தொலைவில் வருகிறது என்பதைக் கண் சரியாக மதிப்பிடும். ஆனால் காட்டும் பரப்புக் குறைவு. முகம் புடைத்த குவியாடி பரந்த இடத்தைக் காட்டும். ஆனால் எல்லாவற்றையும் சிறிதாக்கிக் காட்டுவதால், அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதாய்த் தோன்றும். பல வண்டிகளின் இடப்பக்கக் கண்ணாடியில், தெரிவதைவிடப் பொருள்கள் அருகில் உள்ளன என்று பொறித்திருப்பது இதனால்தான்.

எங்கள் மாமனார் வலப்பக்கத்துக்குச் சமதளமும் இடப்பக்கத்துக்குக் குவியாடியும் தேர்ந்தார். வலப்பக்கத்தில் வேகமாய் முந்தி வருபவர் எவ்வளவு தொலைவில் வருகிறார் என்பதை அறிய வேண்டும், ஆகவே சமதளம். இடப்பக்கத்தில் ஸ்கூட்டரும் சைக்கிளும் நடப்பவரும் எந்த மூலையில் நுழைகிறார்கள் என்பதை அறிய வேண்டும், ஆகவே குவியாடி. இது இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டுக்குப் பொருந்திய ஏற்பாடு. குவியாடிக்குப் பழகச் சில நாள் ஆகும். அதுவரை கண் சொல்லும் தொலைவில் பாதி என்றே கொள்ளுங்கள்.

பொருத்திச் சரிசெய்யும் முறை

இதற்குத் தனியாக ஒரு காலைப் பொழுதை ஒதுக்க வேண்டும். புறப்படும் அவசரத்தில் செய்யும் வேலை அன்று இது. நாங்கள் ஒரு விடியற்காலையில், ஆளில்லாத சமதரையில் செய்தோம். மாமனார் வர மறுத்தார். "நான் ஓட்டியது போதும்" என்றார். எங்கள் மூத்த மகள், ஒன்பது வயதுக்காரி, "தாத்தா, நான் பின்னால் நிற்கிறேன், நான் தெரிகிறேனா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள். அதன் பின் அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

முதலாவது: வண்டியும் டிரெய்லரும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். சாமான்களையும் ஏற்றியிருக்க வேண்டும். சுமை ஏறினால் வண்டியின் பின்புறம் சற்றுத் தாழ, கண்ணாடியின் நோக்கும் தரையை நோக்கித் தாழும்.

இரண்டாவது: ஓட்டுபவரே தம் இருக்கையில் வழக்கம்போல் அமர வேண்டும். கழுத்தை நீட்டிப் பார்த்துச் சரிசெய்தால், வழியெல்லாம் கழுத்தை நீட்டிக்கொண்டே போக வேண்டிவரும்.

மூன்றாவது: வண்டியின் சொந்தக் கண்ணாடியை முதலில் சரிசெய்து, பிறகு கூடுதல் கண்ணாடியை மாட்ட வேண்டும். பின்னது முன்னதன் மேல் சவாரி செய்வதால் வரிசை மாறக் கூடாது.

நான்காவது: கண்ணாடியின் உள் விளிம்பில் டிரெய்லரின் சுவர் ஒரு மெல்லிய பட்டையாக மட்டும் தெரிய வேண்டும். அந்தப் பட்டை அறவே இல்லாவிட்டால் கண்ணுக்கு ஆதாரம் இல்லாது போகும். அகலமாய்த் தெரிந்தால் இடம் வீண். தரையும் வானமும் கூடும் கோடு ஏறத்தாழ நடுவில் அமையட்டும்.

ஐந்தாவது, மிக முக்கியமானது: சுண்ணாம்புச் சோதனை. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பின்னோக்கி 20 மீட்டர் அளந்து ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டில், டிரெய்லரின் சுவருக்கு நேரான இடத்திலிருந்து வெளிப்பக்கமாக 4 மீட்டர் அளந்து புள்ளி வையுங்கள். அந்த 4 மீட்டரும் கண்ணாடியில் தெரிய வேண்டும் என்பது வெளிநாட்டு டிரெய்லர்க்காரர் கைக்கொள்ளும் அளவு. எங்கள் மகள் சிவப்புக் குடை ஒன்றை விரித்துக்கொண்டு அந்தக் கோட்டில் மெதுவாக நடந்தாள். தாத்தா ஒவ்வோர் அடிக்கும் "தெரிகிறாய்" என்றார். பிறகு அவள் அங்கிருந்து டிரெய்லரின் பின் மூலையை நோக்கி நடந்தாள். "தெரிகிறாய், தெரிகிறாய்" என்றவர், அவள் டிரெய்லருக்கு நேர் பின்னால் சென்றதும் மௌனமானார்.

"தாத்தா, இப்போது?"

"இல்லை, கண்ணு. இப்போது நீ தெரியவில்லை."

அவர் குரல் மாறியிருந்தது. நாங்கள் அனைவரும் அந்த மௌனத்தின் பொருளை உணர்ந்தோம். எவ்வளவு நல்ல கண்ணாடி வைத்தாலும், டிரெய்லருக்கு நேர் பின்னால் ஒரு குருட்டிடம் இருந்தே தீரும். அங்கே ஒரு குழந்தை நின்றால் தெரியாது. பின்புறம் காட்டும் காமிரா வைத்தால் ஓரளவு தெரியும். ஆயினும் பின்னோக்கி நகர்த்தும்போது ஓர் ஆள் இறங்கி நிற்பதற்கு ஈடில்லை.

ஆறாவது: எல்லாம் சரியான பின் திருகுகளை முடுக்கி, ஒரு மெல்லிய கயிற்றால் கூடுதல் கண்ணாடியை வண்டியோடு பிணைத்து விடுங்கள். பிடி நழுவினாலும் கண்ணாடி பின்னால் வருபவர் மேல் பறக்காது. பத்துக் கிலோமீட்டர் சென்றதும் ஒருமுறை நிறுத்தித் திருகுகளைத் தொட்டுப் பாருங்கள்.

சாலையில் நினைவிற் கொள்ள வேண்டியவை

நேர்ச்சாலையில் கண்ணாடி உண்மை பேசும். திருப்பத்தில் அது பாதிதான் பேசும். வண்டி இடப்பக்கம் திரும்பும்போது இடக் கண்ணாடி முழுவதையும் டிரெய்லரே அடைத்துக்கொள்ளும்; வலக் கண்ணாடியிலோ டிரெய்லர் மறைந்து வெறும் சாலை தெரியும். அன்றியும், டிரெய்லரின் சக்கரங்கள் வண்டிச் சக்கரங்கள் போன வழியே போகாமல், திருப்பத்தின் உட்புறமாக வெட்டிச் செல்லும். இருசக்கர வண்டிகள் மலிந்த புனேயில், அந்த உட்புறச் சந்தில்தான் ஸ்கூட்டர்கள் நுழைகின்றன. ஆகவே திரும்பத் தொடங்கும் முன்பே கண்ணாடியைப் பார்த்து முடித்திருக்க வேண்டும்.

ஒரு வண்டியை முந்தினால், அந்த வண்டியின் முகம் முழுவதும் இடக் கண்ணாடியில் தெரியும் வரையில் இடப்பக்கம் ஒதுங்காதீர்கள். அது குவியாடியானால் இன்னும் சற்றுப் பொறுங்கள். கரும்பு வெட்டும் பருவத்தில் இரண்டு டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு ஊர்ந்து வரும் டிராக்டர்களை முந்தும்போது இந்த விதி உயிர் காக்கும். அவற்றின் நீளத்தைக் கண் எப்போதும் குறைத்தே மதிப்பிடும்.

பின்னோக்கி ஓட்டும்போது டிரெய்லர் வக்கிரமான பிள்ளையைப் போல் எதிர்ப்பக்கம் போகும். இதற்கு மாமனார் சொல்லும் சூத்திரம் ஒன்று உண்டு: டிரெய்லர் எந்தக் கண்ணாடியில் பெரிதாய்த் தெரிகிறதோ, அந்தக் கண்ணாடியின் பக்கம் சக்கரத்தைத் திருப்பு, அது நேராகும். சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். மடங்கி முட்டும் நிலை வந்தால் முன்னே இழுத்து மீண்டும் தொடங்குவதில் வெட்கம் இல்லை.

இடப்பக்கத்து இருக்கைக்காரர்

இனி, முன்னர்ச் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். அந்தச் சனிக்கிழமை, யாரும் இல்லை என்று மாமனாரிடம் சொன்னவர் நாம். உண்மையில் நாம் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் இருந்த செல்போனில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தோம். தலையை உயர்த்தாமலே சொன்ன சொல் அது. மாமனார் அந்தச் சொல்லை நம்பித்தான் வண்டியை ஒடித்தார்.

இதை அவர் அறிவார். ஆயினும் அந்தச் சிறுமியின் தந்தையிடமோ, வீட்டாரிடமோ, எங்கள் மனைவியாரிடமோகூட அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழி முழுவதையும் தம் நரைத்த தலையில் ஏற்றிக்கொண்டு இரண்டு வாரம் மௌனமாய் இருந்தார். ரயில்வேயில் நாள்தோறும் பாதுகாப்பு விதிகளைப் படியெடுக்கும் நமக்கு அந்த மௌனம் பெரிய தண்டனையாய் இருந்தது. சுண்ணாம்புச் சோதனை நடந்த அன்று மாலை, வீட்டார் அனைவர் முன்னிலையிலும் உண்மையைச் சொன்னோம். மாமனார், "தெரியும், மாப்பிள்ளை. ஓட்டுகிறவன் நான். பார்க்காமல் நம்பியது என் தவறு. பார்க்காமல் சொன்னது உங்கள் தவறு. இரண்டுக்கும் சேர்த்துத்தான் கண்ணாடி வாங்கியாயிற்றே" என்றார்.

ரயிலில் வண்டியின் கடைசிப் பெட்டிக்கு ஓர் அடையாளம் உண்டு. பகலில் பலகை, இரவில் சிவப்பு விளக்கு. அது கண்ணில் பட்ட பிறகே வண்டி முழுவதும் வந்து சேர்ந்ததாக நிலையத்தார் கொள்வர். கடைசியில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டே வருவார். அவரை முன்பு கார்டு என்றோம். 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்கிறோம். பெயர் மாறினும் வேலை மாறவில்லை. மேலும் ஒரு விதி: சிக்னல் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டாலோ, தெளிவாகத் தெரியாவிட்டாலோ, அதை அபாயச் சிக்னல் என்றே கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் நிற்பதுதான் ரயில்வேயின் அறம்.

அந்த அறத்தையே எங்கள் டிரெய்லர் வண்டிக்கும் விதித்துக்கொண்டோம். இடப்பக்கத்து இருக்கைக்காரர் கையில் செல்போன் கூடாது. அவர் சொல்ல வேண்டியவை இரண்டே சொற்கள்: "வரலாம்", "நில்லுங்கள்". கண்ணால் பார்த்தாலன்றி முதற்சொல் கூடாது. அவர் மௌனமாயிருந்தால் "நில்லுங்கள்" என்றே பொருள். ஓட்டுபவரும் அந்தச் சொல்லைக் கேட்டபின் தம் கண்ணாடியை ஒருமுறை பார்த்தே நகர வேண்டும். சொல்லும் கண்ணாடியும் ஒன்றையொன்று சரிபார்க்கட்டும்.

முடிவாக

சென்ற மாதம் நாங்கள் அந்தச் சிறுமியின் வீட்டுக்குச் சென்றோம். உடைந்திருந்த ஸ்கூட்டர்க் கண்ணாடிக்குப் பதில் புதியது ஒன்றை மாமனார் தம் கையாலேயே பொருத்திக் கொடுத்தார். சிறுமியின் முழங்காலில் தழும்பு ஆறியிருந்தது. தேநீர் கொடுத்தார்கள். அன்று சாலையோரத்தில் குடிக்காமல் விட்ட தேநீரை அந்த வீட்டில் குடித்தோம்.

அதற்கு அடுத்த வாரம் பிக்வண் சென்றோம். மாமனார்தான் ஓட்டினார். உருளி காஞ்சன், யவத், பாடஸ் என்று ஒவ்வோர் ஊராய்க் கடந்து போகும் வழியெல்லாம், அவர் கண் சாலைக்கும் கண்ணாடிக்குமாக மாறிமாறிச் சென்றுகொண்டிருந்தது. உஜனி நீர்ப்பரப்பில் பூநாரைகள் நின்றிருந்தன. பிள்ளைகள் பார்த்தார்கள். இரவு ஒரு விவசாயியின் அனுமதி பெற்று அவர் நிலத்தில் தங்கினோம்.

டிரெய்லர் வாங்க எண்ணும் நம் சங்கத்து அன்பர்கள், அடுப்பும் கூடாரமும் வாங்கும் முன் இந்த இரண்டு கண்ணாடிகளை வாங்குமாறு வேண்டுகிறோம். பொருத்துவதற்கு உதவி தேவைப்படுவோர் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எங்கள் வீட்டுக்கு வரலாம். அளவு நாடாவும் சுண்ணாம்புக் கட்டியும் சிவப்புக் குடையும் தயாராய் இருக்கின்றன. குடை பிடித்து நிற்பதற்கு எங்கள் மகளும் இருக்கிறாள்.

இந்த ஊர் நம்மை ஏற்றுக்கொண்ட ஊர். அதன் சாலையில் நம் பின்னால் வருபவர் எந்த மொழி பேசினாலும் அவரும் ஒரு வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர்தாம். அவரைக் காணாமல் நாம் திரும்பலாகாது.